முன்சக்கரத்துக்கு ஜெப எண்ணெய்

எங்கள் சபையில் எண்ணெய் பூசப்படாத பொருள் என்று எதுவும் கிடையாது. புது மிக்ஸி வாங்கினால் மூடியில் ஒரு சொட்டு. வாடகை வீட்டுக்குக் குடிபோனால் நிலைக்காலில் ஒரு சொட்டு. பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டின் மூலையில் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு பரவி, ஒரு அக்காவுடைய பதிவு எண்ணே தெரியாமல் போய், தேர்வு அறை வாசலில் அவள் அழுதுகொண்டு நின்ற கதையும் உண்டு. பால் குடிக்காத குழந்தையின் உச்சந்தலை, வேலைக்கு மனு போட்ட கவர், கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் மருமகளின் தலையணை, எல்லாவற்றுக்கும் அதே எண்ணெய்தான். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் பாஸ்டர் ஐயா சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களில் ஜெபித்துக் கொடுப்பார். கடையில் விற்கிற தேங்காய் எண்ணெய்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அது தலைக்குத் தேய்க்கிற எண்ணெயோடு சேராது. தனியாக, மரியாதையாக, டிவி மேல் உட்கார்ந்திருக்கும்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். சிமெண்ட் ஷீட் போட்ட எட்டு வீடுகள் ஒரே வரிசையில். சுவருக்கு அந்தப் பக்கம் தெலுங்கில் சண்டை நடக்கும், இந்தப் பக்கம் கன்னடத்தில் சமாதானம் நடக்கும், நடுவில் நாங்கள் தமிழில் ஜெபம் பண்ணுவோம். கடைசி வீட்டில் மெக்கானிக் பாய் இருந்தார். வீட்டுக்கு முன்னாலேயே தகரம் இறக்கி, பைக் பட்டறை வைத்திருந்தார். வயசுப் பையன்தான். நான் அவரை பாய்ண்ணா என்று கூப்பிடுவேன்.

அப்பா சூளகிரி தாண்டி ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வராது. அதனால் தினமும் நெடுஞ்சாலையில் பைக்கில்தான் போய்வருவார். ஓசூர் கிருஷ்ணகிரி ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும்: ஒரு லாரி தாண்டிப் போன காற்றில் ஆடுகிற பைக் நேராக நிற்பதற்குள் அடுத்த லாரி வந்துவிடும்.

நான் பயந்த பிள்ளை. கேஸ் மூடியிருக்கிறதா, கதவு சாத்தியிருக்கிறதா, தண்ணீர்த் தொட்டியில் பல்லி விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்பா கிளம்பினால் பைக் சத்தம் மெயின் ரோட்டில் கரைகிறவரை காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். கரைந்ததும் அந்தப் பக்கம் கேட்கிற லாரி ஹாரன்களை எண்ண ஆரம்பித்துவிடுவேன். அவர் திரும்பி வரும்வரை எண்ணுவேன்.

"நான் ஒரு ஷிஃப்ட்தான் வேல செய்யறன். இவ மூணு ஷிஃப்டும் பயப்படறா. ஓவர்டைம் வேற" என்பார் அப்பா.

அந்த மார்கழியில் என் பயத்துக்கு ஒரு நியாயம் கிடைத்தது. எங்கள் சபையில் கீபோர்டு வாசித்த அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை அதே ரோட்டில் லாரியில் அடிபட்டு இறந்துபோனார். மூன்று மாதத்துக்கு முன்புதான் புது பைக் வாங்கியிருந்தார். சபை வாசலில் நிறுத்தி, பாஸ்டர் ஐயா ஹெட்லைட்டில் எண்ணெய் தொட்டு வைத்து ஜெபம் பண்ணியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எங்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஆராதனையில் யாருக்கும் பாட்டு வரவில்லை. கீபோர்டு மேல் துணி போர்த்தியிருந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ எழுந்து, "ஐயா, எண்ணெ பூசின வண்டிதானுங்களே அது?" என்று கேட்டார். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, வழி கேட்கிற மாதிரி கேட்டார். பாஸ்டர் ஐயா மைக்கைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். பெரியவர்கள் அப்படி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

பாஸ்டர் ஐயாவுக்கே தெரியாத பதிலை நான் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். மூன்று நாள் யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதும் அதையேதான் யோசித்தேன். எகிப்தில் வாசல் நிலையில் இரத்தம் பூசிய வீடுகளைச் சாவு தாண்டிப் போய்விட்டது என்று ஞாயிறு வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். ஜன்னலில் பூசியிருந்தால் தாண்டியிருக்குமா? தாண்டியிருக்காது. சாவு எந்த வழியாக உள்ளே வருமோ அங்கே பூச வேண்டும். பைக்கில் சாவு ஹெட்லைட் வழியாகவா வரும்? எண்ணெயில் ஒரு தப்பும் இல்லை. தப்பான இடத்தில் பூசியிருக்கிறார்கள். இவ்வளவுதான் விஷயம்.

சரியான இடம் எது என்று கேட்க பாய்ண்ணாவிடம் போனேன்.

"பாய்ண்ணா, வண்டி எதால நிக்குது?"

"ஸ்டாண்டால" என்றார், ஸ்பேனரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது இல்ல. ஓடறப்ப."

அவர் அப்போது பிரித்து வைத்திருந்த பைக்கின் முன்சக்கரத்தைக் காட்டினார். சக்கரத்தின் நடுவில் தட்டு மாதிரி, ஓட்டை ஓட்டையாக, கண்ணாடிபோல மின்னிக்கொண்டிருந்தது. "இதான் டிஸ்க். பிரேக்கு அழுத்தினா ரெண்டு பக்கமும் பேடு வந்து இதக் கப்புனு கவ்வும். வண்டி நிக்கும். ஒங்கப்பன் வண்டியிலயும் இதான். உயிரே இதுலதான் இருக்குது பாப்பா."

அவ்வளவு போதும். உயிர் இருக்கிற இடம் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அப்பா முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்து வீட்டில் ராகி அரைக்க மாவு மில்லுக்கு யார் போவது என்று பேசிக்கொண்டிருந்தாள். டிவி மேலிருந்த பாட்டிலை எடுத்தேன். ஓசூர்க் குளிரில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்துபோயிருந்தது. கவிழ்த்தால் விழவில்லை. வெயிலும் போய்விட்டது. தலையிலிருந்த ஹேர்பின்னை நேராக்கி, உள்ளே விட்டுத் தோண்டி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அப்பா பைக்கின் டிஸ்க்கில் இரண்டு பக்கமும் பூசினேன். ஒரு ஓட்டையைக்கூட விடவில்லை. பின்சக்கரத்தில் அந்த மாதிரித் தட்டு இல்லை. எங்கே பூசுவதென்று தெரியாததால் மிச்சத்தையும் முன்னாலேயே பூசிவிட்டேன். பாட்டில் காலி. கண்ணை மூடி, எனக்குத் தெரிந்த எல்லா ஜெபத்தையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுக்கு முன் சொல்கிற ஜெபத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

அன்றைக்கு நான் தூங்கின தூக்கம் இருக்கிறதே, அதற்கு முன்னும் அப்படித் தூங்கினதில்லை, பின்னும் இல்லை. மறுநாள் விடியற்காலை அப்பா கிளம்பிய சத்தம்கூட என் காதில் விழவில்லை.

ஏழரை மணிக்கு அம்மாவின் செல்போன் அடித்தது. அம்மா துணி துவைக்கிற கல்லருகே நின்று பேசினாள். "ஆமாங்க... ஆமாங்க... எந்த எடத்துலங்க?" என்று மூன்று முறை கேட்டாள். பிறகு ஈரக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். போன் சோப்புத் தண்ணீரில் விழுந்தது. வீட்டுக்காரம்மா ஓடிவந்து, "ஏனாயித்து? என்னாச்சும்மா?" என்று உலுக்கினாள். அம்மாவுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். ஆனால் அன்று எந்த மொழியிலும் பதில் வரவில்லை. பாய்ண்ணாதான் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு வந்து, போனை எடுத்துத் துடைத்து, அதே நம்பருக்குத் திரும்பப் பேசினார். "உயிருக்கு ஒண்ணுமில்லக்கா. ஏறு, ஏறு வண்டியில" என்றார்.

நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றேன். வாயில் பேஸ்ட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பயந்த பிள்ளை என்கிறேனே, அந்தச் சமயத்தில் பயமே வரவில்லை. நடக்க முடியாத ஒன்று நடந்துவிட்டது என்ற திகைப்பு மட்டும்தான் இருந்தது. டிஸ்க்கில் பூசியிருந்தேனே. இரண்டு பக்கமும் பூசியிருந்தேனே.

மத்தியானம் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அப்பாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கம்பி வைத்து ஆபரேஷன் பண்ண வேண்டும் என்றார்கள். முகத்தில் ஒரு பக்கம் தோல் உரிந்து, எனக்குத் தெரியாத ஒரு ஆள் மாதிரி படுத்திருந்தார். பேச்சு மட்டும் அப்பா பேச்சு. பார்க்க வந்த கம்பெனிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஒரே பனிங்க. முன்னாடி குந்தாரப்பள்ளி சந்தைக்கு ஆடு ஏத்திக்கினு ஒரு டெம்போ. திடீர்னு நிறுத்திட்டான். நான் முன்பிரேக்கப் புடிச்சன். புடிக்கவே இல்ல. சோப்ப அழுத்தின மாதிரி வழுக்கிக்கினே போவுது. கால் பிரேக்க மிதிச்சா வண்டி சாஞ்சி, நான் டெம்போ பின்னாடி போய் அடிச்சி..."

சோப்ப அழுத்தின மாதிரி.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் கை தானாகவே பாவாடையில் துடைத்துக்கொண்டது. நேற்று பூசிய எண்ணெய் இன்னும் விரலில் இருக்கிற மாதிரி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இயந்திரம் தெரியாது. ஆனால் எண்ணெய் வழுக்கும் என்பது தெரியும். அடுப்படியில் சிந்தினால் அம்மா கத்துவாளே. அவ்வளவு தெரிந்த நான் இதை எப்படி யோசிக்காமல் விட்டேன்? மூன்று நாள் எதைத்தான் யோசித்தேன்? கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. சாமல்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். அப்பா சபைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதுவும் அம்மாவின் தொந்தரவுக்காக. அத்தைக்கு அது ஆறவே இல்லை. தம்பியின் முகத்தைத் தடவி அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"கொலசாமிய விட்டுட்டுப் போனீங்க இல்ல. இப்ப பாரு."

"எங்க சாமி இருந்ததாலதான் அண்ணி காலோட போச்சு" என்றாள் அம்மா.

"ஆமா, ஊர்ல இருக்கற மிக்ஸி கிரைண்டருக்கெல்லாம் எண்ணெ பூசறீங்களே, ஒம் புருசன் வண்டிக்கு ஒரு சொட்டு பூசறதுக்கு ஒனக்குக் கை வரலியா? பூசியிருந்தா ஒழுங்கா போயி வந்திருப்பானா இல்லியா? சொல்லு."

பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அப்போதே ஒன்று விடாமல் கண்ணுக்கு முன்னால் ஓடியது. அத்தை ஜெயித்துவிடுவாள். அப்பா இனி சபைக்கு வர மாட்டார். அம்மா யாரை நம்புவாள்? பாஸ்டர் ஐயா மறுபடியும் மைக்கை வைத்துவிட்டு அழுவார். சபையின் எண்ணெய்தான் அப்பாவின் காலை ஒடித்தது என்று தெரிந்தால், கடவுளே ஒரு குற்றவாளி மாதிரி நடுவில் நிற்க வேண்டியிருக்கும். நான் வாயைத் திறந்தால் ஆண்டவருக்கே கெட்ட பெயர். இப்படி ஒரு கவலை பத்து வயதுப் பிள்ளைக்கு வரக்கூடாது. எனக்கு வந்தது.

மறுநாள் பைக்கை மினிடோர் லோடு ஆட்டோவில் ஏற்றிவந்து பாய்ண்ணா பட்டறையில் இறக்கினார்கள். முன்பக்க மட்கார்டு நசுங்கி, ஒரு இண்டிகேட்டர் ஒயரில் தொங்கியது. நான் எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாய்ண்ணா சக்கரத்தைச் சுழற்றினார். டிஸ்க்கில் விரலை வைத்தார். விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். ஒரு துணியை எடுத்து டிஸ்க்கை அழுத்தித் துடைத்து, துணியையும் முகர்ந்தார். பிறகு தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார்.

"என்னங்... என்ன பாய்ண்ணா?"

"ஒண்ணுமில்ல பாப்பா. பனி" என்றார். துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிரீஸ் துணியைச் சட்டைப் பையில் வைக்கிற மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை. ஆனால் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அன்று நான் இல்லை.

அதற்குப் பிறகு ஐந்து வாரம். அப்பா பிளாஸ்டரோடு வீட்டுக்கு வந்தார். வேலைக்குப் போக முடியாது. சபை எங்களைத் தாங்கியது. எந்தக் கிழமையில் யார் சாப்பாடு என்று சிஸ்டர்கள் பிரித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை டிபன் கேரியர் தெலுங்கு சிஸ்டருடையது, காரம் கண்ணில் வரும். புதன்கிழமை ராகிக் களியும் கீரைக் குழம்பும். கீபோர்டு அண்ணனுடைய அம்மாவே ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாடு எடுத்துவந்தார். மகனைப் புதைத்து இரண்டு மாதம்கூட ஆகாத அந்த அம்மா, அப்பாவின் பிளாஸ்டரைத் தொட்டு, "இவரையாவது வெச்சாரே, ஸ்தோத்திரம்" என்று சொன்னார். சொல்லும்போது உதடு கோணிக்கொண்டு போனது. ஆனாலும் சொன்னார். நான் அவர் கொண்டுவந்த சோற்றை வாயில் வைத்துவிட்டு விழுங்க முடியாமல் பின்பக்கம் போய்த் துப்பினேன்.

அப்போது முடிவு செய்தேன். கடவுளுக்குக் கெட்ட பெயர் வந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிட வேண்டும். இந்த அம்மாவின் சோற்றைச் சாப்பிட என்னால் ஆகாது.

விபத்துக்குப் பிறகு அப்பா முதன்முதலாகச் சபைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை. பாய்ண்ணாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டோவிலிருந்து இறக்கினார்கள். பாய்ண்ணா வாசலோடு நின்று, "நான் வெளியவே இருக்கறன், முடிச்சிட்டு வாங்க" என்றார். ஆண்டவர் செய்ததை எழுந்து சொல்கிற சாட்சி நேரம் வந்தது. அம்மா எழுந்து, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம், சபையாருக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தாள். பனியைப் பற்றிச் சொன்னாள். எவ்வளவு பனி, பத்தடிக்கு அந்தப் பக்கம் தெரியாத பனி, ரோடெல்லாம் ஈரமாக்கின பனி. பனியை மூன்று முறை சொன்னாள். அம்மா அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் அடுப்படியில் இருந்தவள். பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொல்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பாஸ்டர் ஐயாவுக்கு ஆடுகள் பிடித்துப்போயிருந்தன. "கவனிங்க சபையே. லாரி பின்னாடியா விழுந்தாரு? கம்பி ஏத்தின வண்டி பின்னாடியா விழுந்தாரு? இல்ல. ஆட்டு வண்டி பின்னாடி! ஆடுகளுக்கு மத்தியில கொண்டுபோயி விட்டாரு நம்ம மேய்ப்பர்!" சபை கை தட்டியது. அப்பா லேசாகச் சிரித்தார். அவர் சபையில் சத்தமாக ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. எல்லோரும் அல்லேலூயா சொல்லும்போது அவர் உதடு மட்டும் அசையும். அதையும் அம்மா பார்க்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் அசைப்பார். அன்றும், "உயிர் இருக்குது. எல்லாருக்கும் நன்றிங்க" என்று மட்டும் சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

"பாப்பா ஒரு வசனம் சொல்லட்டும்" என்றார் பாஸ்டரம்மா.

நான் எழுந்து போனேன். மூன்று வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன். நான்தான் அப்பா வண்டிக்கு ஜெப எண்ணெய் பூசினேன். அதனால்தான் பிரேக் பிடிக்கவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள். இவ்வளவுதான். மைக் என் கையைவிடக் கனமாக இருந்தது. கீபோர்டு அண்ணனின் அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார். அவரைப் பார்க்காமல் துணி போர்த்திய கீபோர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நான்தான்... மொத நாளு சாயங்காலம்... அப்பா வண்டிக்கு ஜெப எண்ணெ பூசினன்."

அடுத்த வாக்கியத்துக்காக மூச்சை இழுத்தேன்.

"அல்லேலூயா!"

ஆண்கள் பக்கத்திலிருந்து, தொண்டை கிழிகிற மாதிரி ஒரு குரல். எல்லோரும் திரும்பினார்கள். அப்பா. ஊன்றுகோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து, "அல்லேலூயா! ஸ்தோத்திரம்! எம் பொண்ணு! எம் பொண்ணு பூசினா!" என்று கத்துகிறார்.

அவ்வளவுதான். சபை பொங்கிவிட்டது. தம்புரு அடித்தார்கள். யாரோ அழுதார்கள். "அதனாலதான்..." என்று நான் மைக்கில் சொன்னது எனக்கே கேட்கவில்லை. பாஸ்டர் ஐயா ஓடிவந்து மைக்கை வாங்கி, என்னை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய, "ஒரு சின்னப் புள்ளயோட விசுவாசம்!" என்றார். மூன்றாவது வரிசையிலிருந்து அந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் முத்தம் கொடுத்தார். எண்ணெய் பூசிய அதே கை.

நான் சிலை மாதிரி நின்றேன். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னேன். அது என் கண்ணெதிரிலேயே வேறொன்றாக மாறிவிட்டது. அதைத் திரும்பப் பிடித்து இழுக்க எனக்குத் தெரியவில்லை.

உண்மையான அதிர்ச்சி அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், சபை வாசலில் ஒன்பது பைக்குகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பிரதர். சிப்காட்டில் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், அஞ்செட்டிக் காட்டுப் பாதையில் பால் எடுத்து வருகிறவர், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். பாஸ்டரம்மா ஒரு புதுப் பாட்டிலை என் கையில் கொடுத்தார். மாசி வெயிலில் எண்ணெய் உருகி, ஒரு சாய்ப்பில் வழிந்துவிடத் தயாராக இருந்தது.

முதலில் நின்ற பிரதர் குனிந்து, தன் முன்சக்கரத்தைத் தட்டிக் காட்டினார். "நல்லா பிரேக்கு மேலயே வெச்சி ஜெபிம்மா பாப்பா. அதான முக்கியம்."

ஒன்பது வண்டி. ஒன்பது வீடு. ஒன்பது செல்போன் ஏழரை மணிக்கு அடிக்கிற சத்தம் ஒரே சமயத்தில் என் காதில் கேட்டது. பாட்டிலைக் கீழே போட்டு உடைத்துவிடலாமா என்று பார்த்தேன், பிளாஸ்டிக், உடையாது. அழவும் வரவில்லை.

அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் ஊன்றுகோலை எடுத்து, முதல் பைக்குக்கும் எனக்கும் நடுவில் ரயில்வே கேட் மாதிரி நீட்டினார்.

"வண்டிக்கு வேணாம் பிரதர்."

"ஏன் பிரதர்? ஒங்க வண்டிக்கு மட்டும்தானா?" என்று அவர் சிரித்தார்.

"வண்டிய கம்பெனிக்காரன் ஒழுங்காத்தான் செஞ்சி குடுத்திருக்கான். ஓட்டறவனுக்குத்தான புத்தி வேணும்? தலையக் குனிங்க. பாப்பா தலையில வெக்கட்டும். வண்டியத் தொடவே வேணாம்." பிறகு, எங்களைக் கூட்டிவந்து ரோட்டோரம் நின்றிருந்த பாய்ண்ணாவைப் பார்த்துக் கத்தினார்: "பாய்! பிரேக்கெல்லாம் நீ ஒருவாட்டி பாத்துடு!"

ஒன்பது பிரதர்களும் ஒருவர் பின் ஒருவராக என் முன்னால் குனிந்தார்கள். ஷிஃப்டில் அலைந்த, நரைத்த, வழுக்கை விழுந்த தலைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வைத்தேன். பாய்ண்ணா ஒவ்வொரு பைக்காக உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். அவரும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

நான் அதை வைத்து என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? அப்பாவுக்கு வண்டி பெயிண்டில் எண்ணெய்க் கறை படுவது பிடிக்காது, அதனால் தடுத்துவிட்டார், ஆண்டவர் எப்படியோ என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்று.

இப்போது நான் ஒரு பைக் கம்பெனியின் பார்ட்ஸ் பேக்கிங்கில் இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டதற்கும் பயம்தான் காரணம், அது வேறு கதை. டிஸ்க்கைக் கையுறை இல்லாமல் தொட்டால் சூப்பர்வைசர் கத்துவார். அன்றைக்கும் யாராவது என்னிடம் அப்படிக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாய்ண்ணா அந்தத் துணியை மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் முகரக் கொடுத்ததையும், பிரேக்கைப் பற்றி நான் தன்னிடம் கேட்டதைச் சொன்னதையும், அப்பா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "பனின்னே சொல்லு. அக்காகிட்டயும் பனி, சபையிலயும் பனி" என்றதையும் அம்மா போன வருஷம்தான், துணி மடித்துக்கொண்டே, ஏதோ சாதாரண விஷயம் போலச் சொன்னாள்.

அந்த வயதில் எனக்கு இது ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபத்தில் ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும். அந்த ஞாயிறிலிருந்து வருஷக்கணக்காக நான் ஒரே நன்றியைத்தான் சொல்லிவந்தேன். "ஒரு காரியத்துக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே. அது என்னன்னு உமக்குத் தெரியும்." அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாமல் இருப்பதுதான் அந்தக் காரியம். நான் சொல்லி முடித்ததும் அப்பாவும் அம்மாவும் ஒன்றாக, மற்ற எதற்கும் சொல்லாத அழுத்தத்தோடு, "ஆமென்" என்பார்கள். மதியச் சாப்பாட்டில் எத்தனை வாய் மிச்சம் வைத்தேன், பேனாவை யாருக்குக் கொடுத்தேன் என்று எதையும் தோண்டித் துருவிக் கேட்கிற அம்மா, அது என்னடி அந்தக் காரியம் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.